கொடைக்கானலில் ஒரு பழைய வீடு: வாங்கலாமா?

போன தீபாவளிக்கு வீட்டுக்கு வந்த பெரியப்பா, பலகாரத் தட்டை ஓரமாகத் தள்ளிவிட்டு ஒரு பிளாஸ்டிக் உறையைப் பிரித்தார். உள்ளே நாலைந்து ஜெராக்ஸ் காகிதங்கள், இரண்டு போட்டோ. "நீதான் காமர்ஸ் படிக்கிறியே, இதைப் பார்த்துக் கணக்குப் போட்டுச் சொல்லு" என்றார். எனக்கு அடுத்த வாரம் காஸ்ட் அக்கவுண்டிங் இன்டர்னல். இருந்தாலும் பெரியப்பா கேட்டு மறுக்க முடியுமா?

போட்டோவில் இருந்தது கொடைக்கானலில், மூஞ்சிக்கல் கடைவீதிக்கு மேலே ஏறும் ஒரு சந்தில் உள்ள பழைய வீடு. கல் சுவர், தகரக் கூரை, கூரைக்கு மேலே ஒரு புகைபோக்கி. ஐந்து சென்ட் இடம். பின்னால் ஒட்டினாற்போல் புதிதாகக் கட்டிய மூன்று அறைகள், டைல்ஸ் போட்டு, ஒவ்வொன்றிலும் கீசர். விலை 78 லட்சம். பெரியப்பா 1980களில் தபால் துறை வேலையில் நாலு வருடம் கொடைக்கானலில் இருந்தவர். அதே சந்தில்தான் வாடகைக்குக் குடியிருந்தாராம். ஓய்வு பெறும்போது வந்த பணம் முழுவதும் இன்னும் வங்கியில் இருக்கிறது. அது போதாது என்பதால் மிச்சம் 40 லட்சத்தை அண்ணன் பேரில் கடன் வாங்கி, மூன்று அறைகளைச் சுற்றுலா வருபவர்களுக்கு வாடகைக்கு விட்டுத் தவணை கட்டிவிடலாம் என்பது அவர் யோசனை.

முதலில் அந்தக் கணக்கைத்தான் போட்டேன். 40 லட்சம், 8.5 சதவீத வட்டி, 15 வருடம் என்றால் மாதத் தவணை சுமார் 39,400 ரூபாய். அறைக்கு ஒரு இரவுக்கு 1,500 வாடகை என்றால் மாதம் 27 இரவுகள் ஓட வேண்டும். மூன்று அறைக்கும் சேர்த்து மாதத்தில் 90 இரவுகள் இருக்கின்றன. அதில் 27தானே, சீசன் இல்லாத நாளிலும் ஓடிவிடுமே! ரொம்பச் சுலபமாக இருந்ததுதான் எனக்குச் சந்தேகத்தைக் கொடுத்தது. வகுப்பில் எந்தக் கணக்கும் இவ்வளவு சுலபமாக வந்தால் எங்கேயோ தப்பு செய்திருக்கிறோம் என்று அர்த்தம்.

அடுத்து தேய்மானம். வருமான வரிச் சட்டப்படி குடியிருப்புக் கட்டடத்துக்கு வருடம் 5 சதவீதம், மிச்ச மதிப்பின் மேல் கழிக்க வேண்டும். பழைய பகுதிக்கு 80 வயது என்று தரகர் சொன்னார். 100 ரூபாய்க் கட்டடம் 80 வருடத்தில் 1 ரூபாய் 65 காசு ஆகிவிடும். ஆகவே பழைய வீடு கிட்டத்தட்ட சைபர், மண்ணுக்கும் புது அறைகளுக்கும்தான் 78 லட்சம் என்று ஒரு காகிதத்தில் எழுதிப் பெரியப்பாவுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். அது எவ்வளவு தலைகீழான பதில் என்று கொடைக்கானலின் கதையைப் படித்த பிறகுதான் புரிந்தது. அதைத்தான் இங்கே எழுதப் போகிறேன்.

கொடைக்கானலில் வீடு கட்ட வேண்டும் என்று முதலில் கணக்குப் போட்டவர்கள் பணக்காரர்கள் இல்லை, பயந்துபோனவர்கள். யாழ்ப்பாணத்திலிருந்து 1834ல் மதுரைக்கு வந்த அமெரிக்க மிஷனரிகளைச் சமவெளியின் காய்ச்சல் விடவில்லை. பெரியவர்கள் செத்தார்கள், குழந்தைகளும் செத்தார்கள். திண்டுக்கல் பக்கம் சிறுமலையில் போய்த் தங்கிப் பார்த்தார்கள், அங்கேயும் காய்ச்சல் வந்தது. அப்புறம்தான் பழனி மலையின் உச்சியைத் தேடிப் போனார்கள். அதற்கு முன்பே, 1821ல், பி.எஸ். வார்டு என்ற ராணுவ அதிகாரி வெள்ளகவி வழியாக ஏறி வந்து இந்த மலையை அளந்துவிட்டுப் போயிருந்தார். (அதாவது "கண்டுபிடித்தார்" என்று சுற்றுலாப் புத்தகங்களில் போடுவதை நம்ப வேண்டாம். அவர் தங்கி வேலை பார்த்த வெள்ளகவி மலை ஜனங்களின் ஊர். பளியர்கள் இந்தக் காட்டில் எந்தக் காலமாக இருக்கிறார்கள் என்று யார் கணக்கு வைத்தார்கள்? தாண்டிக்குடிப் பக்கம் கற்திட்டைகள் வேறு இருக்கின்றன.)

1845 ஜூனில் இரண்டு வீடுகள் எழுந்தன. ஒன்றின் பெயர் சன்னிசைடு, மற்றொன்று ஷெல்டன். கொடைக்கானல் ஊரின் தொடக்கம் என்று எல்லாரும் காட்டுவது இந்த இரண்டைத்தான். ஆறு அமெரிக்கக் குடும்பங்கள் வெயில் காலத்தில் வந்து தங்குவதற்காகக் கட்டியவை. இதில் ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். அப்போது ஏரி கிடையாது! இன்றைக்கு "லேக் வியூ" என்று சொன்னாலே சென்ட்டுக்கு லட்சக்கணக்கில் ஏற்றிச் சொல்கிறார்களே, அந்த ஏரி இருக்கும் இடம் அன்றைக்கு ஓடைகள் ஓடிய வெறும் சதுப்பு நிலம். மதுரை கலெக்டராக இருந்த வேர் ஹென்றி லெவிஞ்ச் 1863ல் மூன்று ஓடைகளை மறித்துக் கரை போட்ட பிறகுதான் 60 ஏக்கர் ஏரி வந்தது. தூத்துக்குடியிலிருந்து முதல் படகைக் கொண்டுவந்து விட்டவரும் அவரே. கடலோரத்துப் படகை ஏழாயிரம் அடி உயரத்துக்கு ஏற்றி வந்த ஆட்களைப் பற்றி ஒரு வரி எழுதி வைத்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

அந்த ஆட்கள் விஷயம் சின்னது இல்லை. மேலே வர ரோடு இல்லாத காலத்தில் பெரியகுளம் பக்கத்து அடிவாரத்திலிருந்து ஒற்றையடிப் பாதையில்தான் ஏற வேண்டும். துரைமார்களும் அம்மாமார்களும் நாற்காலியில் உட்கார, கூலி ஆட்கள் தோளில் சுமந்தார்கள். 1875ல் ரயில் வந்த பிறகு அம்மையநாயக்கனூரில் இறங்கி, மாட்டு வண்டி பிடித்து, அதற்கப்புறம் அதே ஒற்றையடிப் பாதைதான். அந்த ஸ்டேஷன்தான் பிறகு கொடைக்கானல் ரோடு ஆனது. முறையான மலைச்சாலைக்கு 1870களிலேயே மேஜர் லா என்பவர் திட்டம் போட்டு வேலையும் ஆரம்பித்தது. ஆனால் பணமில்லாமல் நின்றுபோய், 1914ல்தான் வண்டி ஓடும் நிலைக்கு வந்தது, 1916ல் பொதுப் போக்குவரத்துக்குத் திறந்தது. ஆக 1845 முதல் சுமார் 70 வருடம், கொடைக்கானலில் கட்டிய ஒவ்வொரு வீட்டுக்கும் கண்ணாடியும் ஆணியும் தகரமும் மனிதர்களின் தலையிலும் தோளிலும்தான் ஏறின. கல்லும் மரமும் மட்டும் மலையிலேயே கிடைத்தன. பழைய வீடுகளில் ஏன் கல் சுவர் அவ்வளவு தடிமனாகவும் ஜன்னல் அவ்வளவு சின்னதாகவும் இருக்கின்றன என்பதற்குக் குளிர் பாதிக் காரணம் என்றால், இந்தச் சுமைக்கூலி மீதிப் பாதி என்று நினைக்கிறேன். இது என் ஊகம்தான்.

ஊர் மெதுவாகத்தான் வளர்ந்தது. 1860ல் சென்னை கவர்னர் டிரெவெல்யன் வந்து போனார். 1872ல் கோக்கர்ஸ் வாக் வந்தது. 1899ல் நகராட்சி, அதே வருடம் வானிலையாளர்களும் சூரியனைப் பார்க்கிறவர்களும் சென்னையிலிருந்து மலைக்கு மாறி வந்து ஆய்வகம் அமைத்தார்கள். ஆனால் எனக்குப் பிடித்தது 1901ம் வருடக் கதை. அதுவும் ஊர் நடுவில் இருந்த ஒரு பழைய கட்டடத்தை "எடுக்கலாமா" என்று யோசித்த கதைதான்.

மிஷனரிகளின் பிள்ளைகள் ஆறேழு வயதானதும் படிப்புக்காகக் கப்பலேற வேண்டும். அப்பா அம்மா இங்கே, பிள்ளை அமெரிக்காவில், நடுவில் ஏழெட்டு வருடம் முகம் பார்க்காமல். அப்படி அனுப்பாமல் இருக்க ஒரு வழி, கொடைக்கானலிலேயே பள்ளிக்கூடம் வைப்பது. ஹைகிளர்க் என்ற பழைய தங்கும் விடுதி ஏரிக்குப் பக்கத்திலேயே கிடைத்தது. மகனைப் பார்க்க அமெரிக்காவிலிருந்து வந்திருந்த மார்கரெட் எடி என்ற அம்மாளை முதல்வராக இருக்கச் சொல்லிச் சம்மதிக்க வைத்தார்கள். 13 பிள்ளைகளோடு பள்ளி ஆரம்பித்தது. விடுதியின் பெயரே பள்ளிக்கும் நிலைத்தது. பின்னாளில்தான் அது கொடைக்கானல் இன்டர்நேஷனல் ஸ்கூல் ஆனது. அந்தக் கட்டடத்துக்கு அவர்கள் தேய்மானம் போட்டிருப்பார்களா? போட்டிருந்தால் என் மாதிரிதான் தப்பாக வந்திருக்கும்.

சுதந்திரத்துக்குப் பிறகு துரைமார்கள் ஒவ்வொருவராகக் கிளம்பினார்கள். மிஷனரிகளும் வருடா வருடம் குறைந்தார்கள். வீடுகள் கை மாறின. பெயர்ப் பலகையில் இருந்த ஆங்கிலப் பெயர்கள் மட்டும் அப்படியே நின்றன. அப்படி ஒரு வீட்டுக்கு விசித்திரமான குடித்தனக்காரர்கூட வாய்த்தார். 1965ல் கைதான காஷ்மீரின் ஷேக் அப்துல்லாவை மத்திய அரசு கொடைக்கானலில் கோஹினூர் என்ற பங்களாவில்தான் காவலில் வைத்திருந்தது. பனி ஊரிலிருந்து வந்தவருக்குப் பனி ஊரே சிறை!

எங்கள் கதைக்கு இனிமேல்தான் முக்கியமான பகுதி வருகிறது. 1980களில் கூட்டம் பெருகப் பெருக, தங்கும் விடுதிகளும் பெருகின. சரிவில் வெட்டி மண்ணைத் தள்ளி மாடி மேல் மாடி எழும்பியது. 1993ல் மலை நகரங்களுக்கென்று தனிக் கட்டட விதிகள் வந்தன, கொடைக்கானலுக்கு முழுமைத் திட்டமும் வந்தது. உயரத்துக்கு வரம்பு, சரிவுக்கு வரம்பு, எங்கே வீடு எங்கே கடை என்பதற்கும் வரம்பு. மறு வருடமே அதை மீற ஒரு அரசாணை வந்தது. பிளசன்ட் ஸ்டே என்ற ஹோட்டல் ஏழு மாடி கட்டுவதற்கு விதிவிலக்கு தந்தது 1994 மே மாத உத்தரவு. பழனி மலைப் பாதுகாப்பு மன்றம் நீதிமன்றத்துக்குப் போனது. உயர் நீதிமன்றம் அந்த உத்தரவை ரத்து செய்தது. ஹோட்டல்காரர்கள் உச்ச நீதிமன்றம் வரை போயும் 1995ல் தோற்றார்கள்.

அதோடு முடியவில்லை. அந்த விதிவிலக்கு தந்ததற்காக அன்றைய முதல்வராக இருந்த ஜெயலலிதா மீது வழக்குப் போட்டார்கள். 2000 பிப்ரவரி 2ம் தேதி சென்னைத் தனி நீதிமன்றம் ஒரு வருடத் தண்டனை விதித்தது. (2001 டிசம்பரில் உயர் நீதிமன்றம் அவரை விடுதலை செய்துவிட்டது.) தீர்ப்பு வந்த அன்றைக்கே தர்மபுரி அருகில் இலக்கியம்பட்டியில், கல்விச் சுற்றுலா போய்த் திரும்பிக்கொண்டிருந்த கோவை வேளாண் பல்கலைக்கழக மாணவிகளின் பஸ்ஸைக் கொளுத்தினார்கள். மூன்று மாணவிகள் உள்ளேயே கருகிச் செத்தார்கள். கொளுத்தியதற்காக மரண தண்டனை பெற்ற மூன்று பேருக்கு 2016ல் ஆயுளாகக் குறைந்தது, 2018ல் அவர்கள் வெளியே வந்தார்கள்.

நான் பிறப்பதற்கு முன் நடந்தது இது. தர்மபுரி பஸ் எரிப்பு என்று அம்மா சொல்லிக் கேட்டிருக்கிறேன். அதற்கு மூலம் கொடைக்கானலில் ஒரு கட்டடத்தின் உயரம் என்று இப்போதுதான் தெரியும். என் வயதுதான் அவர்களுக்கும். இதைப் படித்த அன்றைக்கு இன்டர்னலுக்கு உட்கார்ந்து படிக்க முடியவில்லை.

இவ்வளவு நடந்த பிறகாவது ஊர் அடங்கியிருக்கும் என்று நினைப்பீர்கள். இல்லை. அனுமதி வாங்காமல் அறை கட்டுவது தொடர்ந்தது. வீடு என்று வரி கட்டிக்கொண்டு விடுதியாக நடத்துவதும் தொடர்ந்தது. கடைசியில் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை உத்தரவு போட்டு, 2018, 2019ல் பல விடுதிகளுக்கும் கட்டடங்களுக்கும் அதிகாரிகள் பூட்டுப் போட்டுச் சீல் வைத்தார்கள். 2024 மே 7 முதல் மலைக்கு வரும் வெளியூர் வண்டிகளுக்கு இ-பாஸ் வேறு வந்தது.

பெரியப்பா காட்டிய காகிதங்களை மறுபடி எடுத்தேன். பழைய பகுதிக்கு 1960களில் எழுதிய கிரயப் பத்திரம் இருக்கிறது, அதற்கு முந்தைய ஆங்கிலப் பத்திரத்தின் நகலும் இருக்கிறது. அந்தக் காலத்து நகராட்சி வரி ரசீதுகள் ஒரு கட்டு. புது அறைகளுக்கு? மின் இணைப்பு ரசீது மட்டும்தான். அனுமதி வரைபடம் இல்லை. எங்களுக்குத் தெரிந்த ஒரு வக்கீலிடம் கொண்டு போனோம். அவர் புரட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னது இது: "விதி வர்றதுக்கு முன்னாடியே நின்ன கட்டடம்னு பழைய பகுதிக்குச் சொல்ல ரசீது இருக்கு சார். அதை யாரும் சுலபமா தொட முடியாது. பின்னாடி இருக்கிறது 1993க்கு அப்புறம் வந்தது. நாளைக்கு நோட்டீஸ் வந்தா உங்க பேருக்குத்தான் வரும், விற்றவருக்கு வராது."

பார்த்தீர்களா? நான் சைபர் என்று எழுதிய பகுதிதான் அந்த இடத்தில் சட்டப்படி நிற்கும் ஒரே கட்டடம். இன்றைக்கு அதை இடித்துவிட்டு அதே அளவுக்குப் புதிதாகக் கட்ட அனுமதி கேட்டால், அந்தச் சரிவில் அந்தச் சந்து அகலத்தில் கிடைக்குமா என்பதே சந்தேகம் என்றார் வக்கீல். நான் தவணை கட்டும் என்று நம்பிய மூன்று அறைகளுக்கோ மதிப்பு சைபர்கூட இல்லை, மைனஸ். சீல் விழுந்தால் 90 இரவில் ஒரு இரவுகூட ஓடாது. 39,400 மட்டும் மாதம் தவறாமல் போகும்.

இன்னும் சில செலவுகளையும் நான் விட்டிருந்தேன். முத்திரைத் தீர்வை, பதிவுக் கட்டணம் எல்லாம் சேர்த்து 9 சதவீதம், 78 லட்சத்துக்கு 7 லட்சத்துக்கு மேல். 50 லட்சத்துக்கு மேல் போகும் கிரயம் என்பதால் 1 சதவீதம் வரி பிடித்து விற்பவர் கணக்கில் கட்ட வேண்டும், இது நம் கைப்பணம் இல்லை என்றாலும் கட்டாவிட்டால் நாம்தான் மாட்டுவோம். வில்லங்கச் சான்று இணையத்தில் 1975லிருந்துதான் கிடைக்கிறது. அதற்கு முன்னால் உள்ளதைச் சார்பதிவாளர் அலுவலகத்தில் மனுக் கொடுத்துக் கையால் தேடச் சொல்ல வேண்டும். 80 வயது வீட்டுக்கு அதுவும் ஒரு பெரிய பகுதி!

டிசம்பரில் பெரியப்பா, அண்ணன், நான் மூன்று பேரும் நேரில் போனோம். வத்தலக்குண்டு வழியாக பஸ். மூஞ்சிக்கல்லில் இறங்கியதும் பெரியப்பா எங்களை விட்டுவிட்டு முன்னால் நடந்தார், வழி கேட்கவே இல்லை. போகிற வழியில் அவருக்கு ஒரு சந்தேகம் எழுந்தது. அந்தப் பகுதியில்தான் 2001ல் பழைய இரும்புக் கடை ஒன்றில் பாதரசம் கலந்த உடைந்த கண்ணாடிகள் டன் கணக்கில் பிடிபட்டன. ஹிந்துஸ்தான் லீவரின் தெர்மாமீட்டர் தொழிற்சாலையிலிருந்து வந்தவை. நியூயார்க் மாநிலத்தில் மூடிய ஆலையை 1980களில் இங்கே கொண்டுவந்து வைத்திருந்தார்கள். அந்தப் போராட்டத்தில் 2001ல் ஆலை மூடியது. வேலை செய்த 591 பேருக்கு 2016ல்தான் நிறுவனத்தோடு உடன்பாடு வந்தது. "அந்தக் கடை எங்க இருந்துச்சு, இந்தச் சந்துக்குக் கிட்டயா?" என்று பெரியப்பா டீக்கடையில் கேட்டார். ஆளாளுக்கு ஒரு திசையைக் காட்டினார்கள். வீடு வாங்குகிறவர் கேட்க வேண்டிய கேள்விதான், ஆனால் எந்தப் பத்திரத்திலும் அதற்குப் பதில் இருக்காது.

வீட்டுக்குள் போனோம். புது அறைகளில் டைல்ஸ் வழுக்கியது, ஒரு சுவரில் மேலிருந்து கீழாக ஈரம் இறங்கியிருந்தது. பழைய பகுதியில் பலகைத் தரை. கணப்பு அடுப்புக்கு மேலே சுவர் கறுத்துக் கிடந்தது. ஐப்பசி மழை முடிந்து ஒரு மாதம்தான் ஆகிறது, கல் சுவரைத் தொட்டால் உலர்ந்திருந்தது. அண்ணன் மூன்று அறைகளையும் செல்போனில் படம் எடுத்துக்கொண்டிருந்தார். பெரியப்பா பழைய பகுதியின் ஜன்னல் ஓரத்திலேயே நின்றார்.

திரும்பும்போது பஸ்ஸில் என் கணக்கை மாற்றிச் சொன்னேன். அறை வாடகை வரும் என்று நினைத்து ஒரு ரூபாய்கூடக் கடன் வாங்கக் கூடாது. பழைய பகுதிக்கும் மண்ணுக்கும் என்ன விலையோ அதற்கு மட்டும் பேச வேண்டும். புது அறைகளை விற்பவரே அனுமதி வாங்கி முறைப்படுத்தித் தரட்டும், இல்லையென்றால் இடித்துவிட்டுத் தரட்டும். "இடிக்கச் சொன்னா தருவாரா?" என்று அண்ணன் சிரித்தார். பெரியப்பா ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். கொஞ்ச நேரம் கழித்து, "அந்தச் சுவர் ஈரமே இல்ல, பார்த்தியா" என்றார்.

முன்பணம் இன்னும் கொடுக்கவில்லை. போன வாரம் தரகர் போன் செய்து, பார்ட்டி 4 லட்சம் குறைக்கிறார் என்று சொன்னார். பெரியப்பா ஸ்பீக்கரில் போட்டிருந்தார், நாங்கள் எல்லாரும் கேட்டுக்கொண்டிருந்தோம். "அது கிடக்கட்டும் தம்பி, பின்னாடி ரூமுக்கு பிளான் அப்ரூவல் காப்பி கேட்டனே, வந்துச்சா?" என்றார். இன்னும் வரவில்லையாம்.